கிளான்மக்னாய்ஸ் மடம் ஏன் பாழானது? கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தின் கிளான்மக்னாய்ஸ் மடத்தை அழித்தது வைக்கிங்குகள்தானே?

பதில்: அவர்கள் 9-ஆம் நூற்றாண்டில் வந்து கொள்ளையடித்தது உண்மை. ஆனால் உள்ளூர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 833-இல் தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் நாட்டு மன்னன் துறவிகளைக் கொன்று, தேவாலய வாசல்வரை தீ வைத்தான். அதற்கு முன்பே, 764-இல், இந்த மடத்து ஆட்களே டரோ மடத்தோடு போருக்குப் போனார்கள்! இத்தனைக்கும் பிறகுதான் 909-இல் கல்லில் பெரிய தேவாலயம் எழுந்தது. அடி வாங்கியும் மடம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: பெரிய வட்டக் கோபுரத்துக்கு உச்சி இல்லையே, அது யார் வேலை?

பதில்: இடி. 1124-இல் கட்டி முடித்தார்கள், 1135-இல் விழுந்தது.

கேள்வி: அப்படியென்றால் சரிவு எங்கே தொடங்கியது?

பதில்: என்னைக் கேட்டால் 12-ஆம் நூற்றாண்டில். புனித கீரான் 6-ஆம் நூற்றாண்டில் மடம் அமைத்த இடம் சாதாரண இடமில்லை. வடக்கு தெற்காக ஷானன் ஆறு, கிழக்கு மேற்காகச் சதுப்பு நிலத்துக்கு நடுவே மேட்டு வழி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வணிகம், பட்டறை, கல்வி எல்லாம் தானாக வந்தன. பிறகு அதே ஆற்றங்கரையில், மடத்துக்கு வடக்கே உள்ள அத்லோன் ஊரில் பாலம் வந்தது, 1210-இல் கோட்டையும் வந்தது. போக்குவரத்து அங்கே நகர்ந்துவிட்டது.

திருச்சபைச் சீர்திருத்தம் இன்னொரு அடி. பழைய முறையில் மடாதிபதிக்குத்தான் செல்வாக்கு. புதிய முறையில் அதிகாரம் ஆயர்களிடம் (பிஷப்களிடம்) போனது. கிளான்மக்னாய்ஸுக்கும் ஒரு மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் ஆட்சிப் பகுதி, கிடைத்தது, ஆனால் சிறியது, ஏழ்மையானது. 1142-இல் அயர்லாந்தின் மெல்லிஃபாண்டில் கால்வைத்த சிஸ்டர்சியன் என்ற புதிய துறவற சபையினர் பக்கம் மன்னர்களின் கொடையும் சாய்ந்தது. அப்புறம் இங்கிலாந்திலிருந்து படையெடுத்த நார்மன்கள் வந்து மடத்தை ஒட்டியே ஒரு கோட்டை கட்டினார்கள்.

கேள்வி: 1552-இல் நடந்தது என்ன?

பதில்: அத்லோனில் இருந்த ஆங்கிலேயப் படை வந்து துடைத்தெடுத்துவிட்டது. மணி, சிலை, புத்தகம், ஜன்னல் கண்ணாடிகூட மிச்சமில்லை என்று அயர்லாந்தின் ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் அவர்கள் சூறையாடியது ஏற்கெனவே நலிந்துபோன ஓர் இடத்தை.

கேள்வி: இப்போது போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: தாராளமாக. இடிந்த தேவாலயங்கள், இரண்டு வட்டக் கோபுரங்கள், நூற்றுக்கணக்கான கல்லறைக் கற்கள் இருக்கின்றன. வெளியே நிற்கும் பெரிய சிலுவைகள் நகல்கள். அசல்கள் பார்வையாளர் மையத்துக்குள் உள்ளன. அதனால் முதலில் உள்ளே போய்விட்டு வாருங்கள்.