முதல் பீரியடில் தூங்குகிறவன்

கேள்வி: 18 வருடமாக வியாசர்பாடியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அடிக்காமல், மிரட்டாமல், ஆர்வத்தைத் தூண்டினால் எந்தப் பிள்ளைக்கும் கணக்கு வரும் என்பது என் நம்பிக்கை. விடுகதை, சீட்டு விளையாட்டு, ஸ்மார்ட் போர்டு எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். வகுப்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது. விடியற்காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வந்து தூங்கும் ஒருவன் முகத்தில், பக்கத்துப் பையனை விட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவச் சொன்னேன். அன்றைக்கு மட்டும்தான் வகுப்பு கலகலவென்று இருந்தது. என் கொள்கையை மாற்றிக்கொள்ளட்டுமா?
– ஓர் ஆசிரியை, சென்னை

பதில்: கொள்கை கிடக்கட்டும் டீச்சர். அந்தச் சாக்பீஸ் தூளுக்கு வருவோம்.

நீங்கள் கை ஓங்கவில்லை, சரி. இன்னொரு பிள்ளையின் கையை வைத்து அவனை அவமானப்படுத்தினீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிரம்படியோடு நிற்கவில்லை; மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது.

அதைவிட என்னை உறுத்துவது, அவன் பால் போடுகிறவன் என்று தெரிந்தே செய்தீர்களே, அதுதான். எத்தனை வீட்டுக்கு நீலம், எத்தனை வீட்டுக்கு ஆரஞ்சு, யார் மூன்று நாள் பால் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று மாடி மாடியாக ஏறி இறங்கும்போதே கணக்குப் போடுகிறவன் அவன். நீங்கள் எழுதும் எக்ஸ், தினமும் கூடிக் குறைகிற அவனுடைய ஆரஞ்சுப் பாக்கெட். அவனைக் கேட்காமல் ஸ்மார்ட் போர்டில் என்னத்தைத் தேடினீர்கள்?

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகள் கைக்கு எட்டும்படி சுவரின் அடியில் கரும்பலகை வைத்தார்கள். டீச்சரும் தரையில் உட்கார்ந்தார். அட்டைகளை ஞாபகம் வைத்துக்கொண்டோம், உட்கார்ந்ததை மறந்துவிட்டோம்.

என் அப்பாவும் வாத்தியார். இரண்டு நாள் வராத பையன் வீட்டு வாசலில் சைக்கிளோடு போய் நிற்பார். ராத்திரி அம்மாவிடம் திட்டும் வாங்குவார். எனக்குத் தெரிந்த ஆசிரியர் வேலை அதுதான். மணி அடித்ததும் முடிகிற வேலையென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எட்டாம் வகுப்பென்றால் பதின்மூன்று வயதிருக்கும். 14 நிரம்பாதவனைக் கூலிக்கு வைப்பது, 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம். சொந்தக் குடும்பத் தொழிலென்றால் பள்ளி நேரம் போக உதவலாம். அவன் யாருக்காகப் பால் போடுகிறான்? தெரியாதல்லவா? 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அதற்கு முன் இந்தச் சனிக்கிழமையே அவன் வீட்டுக்குப் போங்கள். அம்மாவுக்குப் புத்தி சொல்லக் கிளம்பாதீர்கள். என்ன கடன், யார் படுத்துக்கிடக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை காசில் உலை வைப்பவளுக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்காது.

திங்கட்கிழமை முதல் பீரியடில், அதே வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டு இல்லை. தூவிய பையனை இதில் இழுக்காதீர்கள். அவன் டீச்சர் சொன்னதைத்தான் செய்தான். ஸ்மார்ட் போர்டு அன்றைக்கு அணைந்தே இருக்கட்டும்.