"எனக்கு விளையாட வராது" என்கிற பிள்ளைகள்: பி.டி. சாரிடம் கேளுங்கள்

அம்மாபேட்டை அம்மா ஒருவர்: பையனுக்கு 13 வயது. சின்ன வயதில் தெருவே கதி என்று கிடந்தவன், இப்போது செல்போனே கதி. சோம்பேறி ஆகிவிட்டானா சார்?

அப்படி முடிவு கட்டாதீங்கம்மா. சின்னதில் எல்லாப் பிள்ளையும் தன்னைக் கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் என்றுதான் நினைக்கும், பந்து எங்கே போனாலும் கவலையில்லை. ஏழெட்டு வயதுக்கு மேல் மற்றவர்களோடு ஒப்பிடத் தெரிந்துவிடும், டீம் பிரிக்கும்போது கடைசியாக நிற்பது தான்தான் என்றும் புரிந்துவிடும். 'எனக்கு வராது' என்று மனதில் விழுந்ததும் ஒதுங்குவான், ஒதுங்கினால் பழக்கம் விட்டுப்போகும், அப்புறம் உண்மையிலேயே வராது. 2008இல் ஸ்டாடன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு எழுதியதும் இதைத்தான்: திறமை, அதைப் பற்றித் தனக்கிருக்கும் நினைப்பு, ஓடியாடுவது, இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும்.

சூரமங்கலம் அப்பா: அப்போ 'சூப்பர்டா' என்று தட்டிக்கொடுத்தால் போதுமா?

போதாது, அந்த வயதில் பொய்ப் பாராட்டை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எறியக் கற்றுக்கொடுங்கள். வலது கையால் எறிகிறவர்கள் பலர் வலது காலையே முன்னால் வைக்கிறார்கள், இடுப்பு திரும்பாமல் கை மட்டும் வேலை செய்ய, பந்து பாதியில் விழுகிறது. இடது காலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். யாரும் பார்க்காத மொட்டைமாடியில், சுவரில் வட்டம் போட்டு எறியவிடுங்கள், எத்தனை பட்டது என்று அவனே எண்ணட்டும். கேட்ச் பழக கிரிக்கெட் பந்து வேண்டவே வேண்டாம், பயத்தில் கண்ணை மூடுவான். மெத்தென்ற பெரிய பந்தில் ஆரம்பியுங்கள்.

ஏற்காடு, 9ஆம் வகுப்பு மாணவன்: தினமும் மேடு ஏறித்தான் பள்ளிக்குப் போகிறேன் சார், அது போதாதா?

மூச்சு வாங்க ஏறினால் கணக்கில் சேரும் தம்பி. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுக்காரர்களுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் சொல்கிறது, வாரம் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கவும் சொல்கிறது. ஸ்கிப்பிங் ஆடு.

கன்னங்குறிச்சி அம்மா: வயதுக்கு வந்த பிறகு என் மகள் பி.டி. பீரியடில் ஓரமாகவே உட்கார்ந்துவிடுகிறாள்.

உலகம் முழுக்க இந்தக் கதைதான். 2016 கணக்கில், 11 முதல் 17 வயதில் போதுமான அளவு ஓடியாடாதவர்கள் பெண்களில் 85%, பையன்களில் 78%. அண்ணனுக்கு மட்டும் பேட் வாங்கித் தந்துவிட்டு இவளுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தளர்வான டிராக் பேன்ட் வாங்கிக்கொடுங்கள், தோழிகளோடு ரிங் ஆடவிடுங்கள்.

ஆத்தூர் அப்பா: மகனுக்குக் காலில் ஊனம். அவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கண்டிப்பாக. பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் பாதிக்கப்பட்டது. பள்ளியில் வாலிபால் ஆடியவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னது ஒரு பி.டி. சார்தான், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். பதக்கம் எல்லாம் அப்புறம். முதலில் பள்ளிக்குப் போய், அவனை ஸ்கோர் எழுத மட்டும் உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.