நாய்க்கு டிஸ்டெம்பரா? திசுவைக் கேட்போம்: கேள்வி பதில்

டிஸ்டெம்பர் என்பது நாய்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய். விலங்குத் திசுக்களை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பது என் வேலை. மருந்து, ஊசி பற்றிய கேள்விகளை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மீனா, உட்லண்ட்ஸ்: நான்கு மாதக் குட்டி. சளி, பேதி, கடைசியில் வலிப்பு. நேற்றிரவு போய்விட்டது. டிஸ்டெம்பர்தானா என்று தெரியுமா? வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறது.

மனசு கஷ்டமாக இருக்கிறதம்மா. தெரிந்துகொள்ளலாம், ஆனால் நேரம் முக்கியம். நம் சிங்கப்பூர் வெயிலில் சில மணி நேரத்திலேயே திசு கெட ஆரம்பித்துவிடும். உடலைத் துணியில் சுற்றி, ஐஸ் பொதிகளோடு உடனே கிளினிக்குக் கொண்டுபோங்கள். குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம்.

சிறுமூளையோடு சேர்த்து மூளை, நுரையீரல், இரைப்பை, சிறுநீர்ப்பை, மண்ணீரல், நிணநீர்க் கணு, பாதத்தின் மெத்தை எல்லாவற்றிலும் சிறு துண்டு எடுப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பு கூடாது, திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) வேண்டும். தடித்த துண்டென்றால் ஃபார்மலின் உள்ளே போவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும்.

சாயம் ஏற்றியதும் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். டிஸ்டெம்பர் இருந்தால் இரைப்பை, நுரையீரல் செல்களுக்குள் மாதுளை முத்து மாதிரி பளபளப்பான சிவப்பு உருண்டைகள் இருக்கும். இவற்றை இன்குளூஷன் பாடி என்போம். மூளையில் அவை பெரும்பாலும் நரம்பு செல்களைத் தாங்கும் துணைச் செல்களின் உட்கருவுக்குள் இருக்கும். சிறுமூளையின் வெள்ளைப் பகுதியில் நரம்பிழைகளின் உறை கழன்று, பூச்சி அரித்த துணிபோல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நிணநீர்க் கணுவில் செல்கள் குறைந்து வெறிச்சென்று இருக்கும்.

இன்னொரு நாயின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயிரோடு இருக்கும் நாய்க்குத் திசு எடுக்கணுமா?

வேண்டாம். கண் இமையின் உள்பக்கத்தைச் சுரண்டி ஸ்லைடில் பார்க்கலாம். நோய் தொற்றிய முதல் மூன்று வாரத்துக்குள்தான் அதற்குப் பயன். உருண்டை தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அதைவிட பி.சி.ஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) மேல்.

ஞாயிறு வரை ஃப்ரீசரில் வைக்கலாமா?

கூடாது. உறையும்போது பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். அப்படி வந்த ஒரு குட்டியின் சிறுமூளை ஸ்லைடை ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். ஓட்டைகள் நிறைய இருந்தன. நோய் போட்டதா, பனி போட்டதா என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் பி.சி.ஆர் சொன்னதுதான்.

ராஜன் அண்ணன், ஈசூன்: முப்பது வருஷம் ஸ்லைடு பார்த்தவன் நான். சிறுநீர்ப்பையில் சிவப்பு உருண்டை தெரிந்தால் டிஸ்டெம்பர், அவ்வளவுதான்.

அண்ணே, உங்கள் கண்ணை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் டிஸ்டெம்பரே இல்லாத நாயின் சிறுநீர்ப்பைச் செல்களிலும் அதே மாதிரி சிவப்பு உருண்டைகள் வருவதுண்டு. அந்த ஒரு உறுப்பை மட்டும் நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன். எதிர்மாறாகவும் நடக்கும்: நோய் நாளானால் உருண்டைகள் மறைந்துவிடும், வைரஸ் மூளையில் உட்கார்ந்திருக்கும். வைரஸின் புரதத்தையே தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிச் சாயம் போட்டால், அது இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். அதன்பிறகு வாதத்துக்கு இடமில்லை.

ராஜன் அண்ணன்: அதுக்குச் செலவாகும் தம்பி. மூளையிலேயே உருண்டை தெரிந்தால்?

உட்கருவுக்குள் உருண்டை, கூடவே உறை கழன்ற சிறுமூளை, இரண்டும் இருந்தால் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் உருண்டை நரம்பு செல்லின் உட்கருவுக்கு வெளியே இருந்தால் வெறிநாய் நோயில் வரும் உருண்டையான நெக்ரி பாடியா என்று யோசிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய் நோய் இல்லை, சரி. நாய்கள் வெளியூரிலிருந்து வருகின்றனவே அண்ணே! சந்தேகம் இருந்தால் மண்டையைத் திறக்கும் முன்பே தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாள் முன்னால் தடுப்பூசி. இப்போது பி.சி.ஆர் பாசிட்டிவ்.

ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அதுவும் தெரியலாம். ஊசி வைரஸா, தெரு வைரஸா என்று பிரித்துச் சொல்லும்படி ஆய்வுக்கூடத்தைக் கேளுங்கள்.

எங்களுக்குத் தொற்றுமா? பூனைக்கு?

தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவுதான், ஆனாலும் மனிதருக்கு நோய் தராது. வீட்டுப் பூனைக்கும் பயமில்லை. சிங்கங்கள் பாவம்: 1994இல் செரங்கெட்டியில் ஏராளமாகச் செத்தன, 2018இல் கிர் காட்டிலும் இதே வைரஸ்.

ஃப்ரீசரில் ஒரு இரவு மட்டும்?

மேலே படியுங்கள். ஒரு இரவும் கூடாது.

மீனா: கிளம்பிவிட்டோம். குட்டியைத் திருப்பித் தருவார்களா?

ஒப்படைக்கும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் சிரமம். தகனத்துக்கு வேண்டும் என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். வயது, ஊசி போட்ட தேதிகள், வலிப்பு தொடங்கிய நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஸ்லைடு பார்ப்பவருக்கு அந்தத் தாள் ரொம்ப உதவும்.