கேள்வி – பதில்: ஒரே கேரேஜின் பங்காளிகள்

இம்முறை வந்த ஃபார்முலா 1 கார்ப் பந்தயக் கடிதங்களில் பெரும்பாலானவை, அணி நிர்வாகம் தன் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவருக்கு ஓரவஞ்சனை செய்கிறதா என்ற ஐயத்தையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழில் வேறு பொருளுக்கு இடமில்லை.

2025 மோன்சா பந்தயத்தில் முன்னால் சென்றுகொண்டிருந்த பியாஸ்ட்ரியை, நாரிஸுக்கு வழிவிடும்படி மெக்லாரன் சொன்னது. இது அப்பட்டமான ஓரவஞ்சனை இல்லையா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஓரவஞ்சனை என்று சொல்ல மாட்டேன். தவறான முடிவு என்று சொல்வேன். அன்று ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் எட்டாத தூரத்தில் முன்னே போய்க்கொண்டிருக்க, நாரிஸ் இரண்டாவதாகவும் பியாஸ்ட்ரி மூன்றாவதாகவும் வந்துகொண்டிருந்தனர். ஒரே அணியின் இரு கார்களில் முன்னால் இருப்பவருக்கே முதலில் பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடத்துக்குள்) வரும் உரிமை என்பது எழுதப்படாத வழக்கம். புதிய டயரை முதலில் மாட்டிக்கொள்பவர் ஓரிரு நொடிகளைச் சேமித்து, மற்றவர் வெளியே வருவதற்குள் அவரைத் தாண்டிவிட முடியும் என்பதே அதற்குக் காரணம். பின்னாலிருந்து ஃபெராரியின் லெக்லேர் தொல்லை கொடுக்காமல் இருக்க, அன்று பியாஸ்ட்ரி முதலில் வரட்டும் என்று நாரிஸ் விட்டுக்கொடுத்தார். ஆனால் அதனால் தன் இடம் பறிபோகக் கூடாது என்ற உறுதியையும் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

பியாஸ்ட்ரியின் டயர் மாற்றம் குறையில்லாமல் முடிந்தது. அடுத்த சுற்றில் நாரிஸ் உள்ளே வந்தபோது இடப்பக்க முன் சக்கரம் தகராறு செய்ய, இரண்டு நொடிக்குச் சற்று மேல் ஆகவேண்டிய வேலை 5.9 நொடி இழுத்துவிட்டது. வெளியே வந்தபோது அவர் பியாஸ்ட்ரிக்குப் பின்னால் இருந்தார். இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி வானொலியில் சொன்னபோது, பிட்டில் தாமதமாவது பந்தயத்தின் ஒரு பகுதி என்றுதானே நாம் பேசி வைத்திருந்தோம் என்று பியாஸ்ட்ரி கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்பதே என் கருத்து. வரிசையை மாற்றியதால் நாரிஸ் இடம் இழந்திருந்தால் திருப்பித் தரச் சொல்லலாம். அவர் இழந்ததோ சக்கரத்தால். இருந்தும் பியாஸ்ட்ரி வழிவிட்டார்.

அதே சமயம், 2024 ஹங்கேரிப் பந்தயத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அங்கே முதலில் பிட்டுக்கு அழைக்கப்பட்டதால் முன்னிலை பெற்ற நாரிஸ், அணி பலமுறை கெஞ்சிய பிறகு, முடிய ஒருசில சுற்றுகளே இருந்த நிலையில் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் கிராண்ட் பிரி வெற்றி. இந்தக் கணக்கு வழக்கு மனத்தில் இருக்கும்போது மோன்சாவில் எடுத்த முடிவு, ஒருதலைப்பட்சத்தை விட நேர்மையை மிகைப்படுத்தியதாகவே எனக்குத் தெரிகிறது. மேலும் அப்போது புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் பியாஸ்ட்ரிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 15. பருவத்தின் முடிவில் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மற்றதெல்லாம் அப்படியே நடந்து, மோன்சாவில் இடம் மட்டும் மாறாமல் இருந்திருந்தால் நாரிஸ் 420-இல் நின்றிருப்பார்; பட்டம் வெர்ஸ்டாப்பனுக்குப் போயிருக்கும். செப்டம்பரில் இதை எவரும் கணித்திருக்க முடியாது.

ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே தொழிற்சாலை. இதில் ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்பது எப்படிச் சாத்தியம்?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

வரைபடம் ஒன்றுதான், கார்கள் ஒன்றல்ல. பருவம் முழுவதும் புதுப்புது பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் செய்யப்படும் பாகம் சில சமயம் ஒன்றோ இரண்டோதான் தயாராகும். 2010 சில்வர்ஸ்டோனில் ரெட் புல் அணியிடம் புதிய முன் இறக்கை இரண்டே இருந்தன, காருக்கு ஒன்றாக. சனிக்கிழமைக் காலைப் பயிற்சியில் வெட்டலின் இறக்கை கழன்று வீணானது. அணி என்ன செய்தது? வெப்பரின் காரில் இருந்ததைக் கழற்றி வெட்டலின் காரில் மாட்டியது. புள்ளிகளில் வெட்டல் முன்னால் இருக்கிறார் என்பது அணியின் விளக்கம். பழைய இறக்கையோடு இரண்டாவது இடத்திலிருந்து கிளம்பிய வெப்பர், தொடக்கத்திலேயே வெட்டலைத் தாண்டிப் பந்தயத்தை வென்றார். கோட்டைக் கடந்ததும், இரண்டாம் நிலை ஓட்டுநருக்கு இது மோசமில்லை என்ற பொருளில் வானொலியில் அவர் சொன்ன சொல் உலகமெங்கும் கேட்டது.

பணமில்லாத அணிகளில் நிலைமை இன்னும் பரிதாபம். அதே 2010-இல் பஹ்ரைனில் நம் சென்னை ஓட்டுநர் கருண் சந்தோக் தன் எச்.ஆர்.டி. காரை முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். அதுவரை அந்தக் காரின் பாகங்களைப் பூட்டி முடிக்க முடியவில்லை. சக ஓட்டுநர் புரூனோ சென்னாவோ அதற்கு முன்பே ஓடுபாதையைப் பார்த்துவிட்டார். இது பாரபட்சம் அல்ல, வெறும் வறுமை. ஆனால் ஓட்டுநர் ஆசனத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் வலிக்கும்.

இவற்றைவிட நுட்பமான வழியும் ஒன்று இருக்கிறது. காரின் வளர்ச்சியை எந்தத் திசையில் கொண்டு போவது என்று முடிவு செய்யும்போது, அதிகம் வெல்பவரின் பாணிக்கு ஏற்ப அது தானாகச் சாய்ந்துவிடுகிறது. யாரும் சதி செய்வதில்லை. வேகமானவர் கேட்பதைச் செய்தால் கார் வேகமாகிறது, அவ்வளவே. முன்பக்கம் கூர்மையாகத் திரும்பும் கார் ஒருவருக்கு வரம், மற்றவருக்கு எந்த நேரமும் பின்பக்கம் நழுவும் சாபம். ரெட் புல்லில் வெர்ஸ்டாப்பனுக்குச் சக ஓட்டுநராக வந்தவர்கள் வரிசையாகத் தடுமாறியதற்கு இதையும் ஒரு காரணமாகப் பலர் சொல்வார்கள். 2025-இல் லாசன் இரண்டே பந்தயங்களில் அந்த இடத்தை இழந்தார்.

அயர்டன் சென்னாவுக்கு ஹோண்டா நல்ல எஞ்சின்களாகப் பொறுக்கிக் கொடுத்தது என்று புரோஸ்ட் ரசிகரான என் தந்தை இன்றும் சொல்வார். அது உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் தந்தை தனியாள் இல்லை. இருவரும் மெக்லாரனில் ஓட்டிய 1988-லேயே சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனத்தின் தலைவர் பலெஸ்த்ர், இருவருக்கும் சமமான எஞ்சின் தரவேண்டும் என்று ஹோண்டாவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் பேச்சு பரவியிருந்தது. அந்த ஆண்டு 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் வென்றது: சென்னா எட்டு, புரோஸ்ட் ஏழு. மொத்தமாக எடுத்த புள்ளிகளில் புரோஸ்ட்தான் முன்னால், 105-க்கு 94. ஆனால் சிறந்த 11 முடிவுகளை மட்டுமே கணக்கில் எடுக்கும் விதியால் 90-க்கு 87 என்று பட்டம் சென்னாவுக்குப் போனது. இதில் எஞ்சினுக்கு எந்தப் பங்கும் இல்லை, விதிக்குத்தான் பங்கு. ஹோண்டாவின் இளம் பொறியாளர்களுக்குச் சென்னாவின் போர்க்குணம் பிடித்திருந்தது என்று புரோஸ்ட் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். மனம் சாய்வது வேறு, எஞ்சினைப் பொறுக்கி எடுப்பது வேறு. இரண்டாவதற்குச் சான்று எதையும் நான் கண்டதில்லை.

1989 அக்டோபரில் சுசூகாவில் நடந்ததையும் அவரிடம் நினைவூட்டுங்கள். 46-வது சுற்றில், சிக்கேன் வளைவில் உட்பக்கமாகப் புகுந்த சென்னாவின் மீது புரோஸ்டின் கார் திரும்ப, இரு கார்களும் கோத்துக்கொண்டு நின்றன. புரோஸ்ட் இறங்கி நடந்துவிட்டார். சென்னா உதவியாளர்களைத் தள்ளச் சொல்லிக் கிளம்பி, உடைந்த முன்பகுதியை மாற்றிக்கொண்டு, நன்னீனியைத் தாண்டி முதலில் வந்தார்; வளைவைத் தவிர்த்துவிட்டுப் பாதைக்குத் திரும்பினார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பட்டம் புரோஸ்டுக்கு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தது யார் தெரியுமா? மெக்லாரனே. தன் ஓட்டுநர் ஒருவருக்குக் கிடைத்த உலகப் பட்டத்தை இன்னொருவருக்காக மறுத்து ஓர் அணி வாதாடிய விநோதம் அது. புரோஸ்ட் அடுத்த ஆண்டு ஃபெராரிக்குப் போகப்போகிறார் என்பது அதற்குள் உறுதியாகியிருந்தது. பாரபட்சத்தைத் தேடுபவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன், யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்ப்பது நல்லது.

ஒருவர் மற்றவருக்கு வழிவிடச் சொல்வது விதிப்படி குற்றமா?
– வாசகர், சிங்கப்பூர்

இப்போது இல்லை. இடையில் சில ஆண்டுகள் குற்றமாக இருந்தது. 2002 ஆஸ்திரியாவில், தொடக்கம் முதல் முன்னிலையில் இருந்த பாரிக்கெல்லோ, ஃபெராரியின் உத்தரவுப்படி முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் வேகத்தைக் குறைத்துச் சக ஓட்டுநர் ஷூமாக்கரை முந்தவிட்டார். பருவத்தின் ஆறாவது பந்தயம்தான் அது. முந்தைய ஐந்தில் நான்கை ஷூமாக்கரே வென்றிருந்தார். பார்வையாளர்கள் கூச்சலிட, வெட்கப்பட்ட ஷூமாக்கர் பாரிக்கெல்லோவை மேடையின் உச்சிப் படியில் ஏற்றினார். ஃபெராரிக்கு விதிக்கப்பட்ட பத்து லட்சம் டாலர் அபராதம்கூட அந்தப் படி மாற்றத்துக்குத்தான், உத்தரவுக்கு அல்ல! அதன் பிறகு அணி உத்தரவுகள் தடை செய்யப்பட்டன.

தடையால் விளைந்தது சங்கேத மொழி. 2010 ஹாக்கன்ஹைமில் ஃபெராரியின் மாஸாவிடம் அவருடைய பொறியாளர், ஃபெர்னாண்டோ (சக ஓட்டுநர் அலோன்சோ) உங்களைவிட வேகமாக இருக்கிறார், நான் சொன்னது புரிந்ததா என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். உயிர் போகும் விபத்திலிருந்து மாஸா தப்பி அன்றோடு சரியாக ஓராண்டு. அவர் வழிவிட்டார், அணிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், 2011 முதல் தடையே நீக்கப்பட்டது. நீக்கியதே சரி. தடுக்க முடியாத ஒன்றைத் தடுத்து, பெரியவர்களைப் பொய் பேச வைப்பதில் என்ன பயன்?

அதே 2010-இன் பிரேசில் பந்தயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரெட் புல் அங்கே இடம் மாற்றச் சொல்லவில்லை. வெட்டல் முதலாவதாகவும், புள்ளிகளில் அவருக்கு முன்னால் இருந்த வெப்பர் இரண்டாவதாகவும் வந்தனர். புத்தியுள்ள அணி வெப்பரை முன்னே விட்டிருக்கும் என்று எழுதாதவர்கள் குறைவு. கடைசிப் பந்தயத்துக்குப் பின் வெட்டல் 256, அலோன்சோ 252. பிரேசிலில் இடம் மாறியிருந்தால் வெட்டலும் வெப்பரும் ஆளுக்கு 249-இல் நிற்க, பட்டம் அலோன்சோவுக்குப் போயிருக்கும்.

2016-இல் மலேசியாவில் ஹாமில்டனின் எஞ்சின் புகைந்தது திட்டமிட்ட செயலா?
– வாசகர், சென்னை

இல்லை. முன்னிலையில் ஓடும் காரை எரியவிட்டு, உலகமே பார்க்கத் தன் எஞ்சினின் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் கார் நிறுவனம் எதுவும் கிடையாது. ஆனால் ஹாமில்டன் ஏன் ஐயப்பட்டார் என்பது புரிகிறது: மெர்சிடிஸ் அந்தப் பருவத் தொடக்கத்தில் அவருடைய மெக்கானிக்குகள் சிலரை ரோஸ்பெர்க் பக்கம் மாற்றியிருந்தது, எஞ்சின் கோளாறுகளோ இவர் பக்கமே வந்துகொண்டிருந்தன. பட்டம் ஐந்தே புள்ளிகளில் ரோஸ்பெர்க்குக்குப் போனது. அபுதாபியில் நடந்த இறுதிப் பந்தயத்தில், வேகத்தைக் கூட்டும்படி அணி சொல்லச் சொல்ல, ஹாமில்டன் மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்த ரோஸ்பெர்க்கை எதிரிகளிடம் சிக்கவைக்கப் பார்த்தார். உத்தரவுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அது ஓர் அளவு. ஐந்து நாள் கழித்து ரோஸ்பெர்க் ஓய்வை அறிவித்தார்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் இந்தப் பங்காளிச் சண்டை உண்டா?
– வாசகி, மதுரை

உண்டு, அங்கே சுவரே எழுப்பினார்கள். 2008-இல் யமஹா அணியில் ரோஸி பிரிட்ஜ்ஸ்டோன் டயரிலும் லொரென்ஸோ மிஷெலின் டயரிலும் ஓட்டியதால், ஒரு பக்கத்து ரகசியம் மறுபக்கம் கசியாதிருக்க கேரேஜின் நடுவே தடுப்பு வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எல்லோருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன் என்று விதி வந்தது. தடுப்பை மட்டும் யாரும் எடுக்கவில்லை.