பொம்மை உடைக்குள் வேலை: தம்பியின் உடம்பு தாங்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. டிகிரி முடித்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க்கில் கரடி வேஷம் போடும் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. குழந்தைகளோடு ஆடுவது, போட்டோவுக்கு நிற்பது, சாயங்காலம் ஒரு ஊர்வலம், அவ்வளவுதான் என்கிறான். ஆனால் வீட்டுக்கு வந்தால் தலைவலி, நீர்க்கடுப்பு, சாப்பாடு இறங்குவதில்லை. வலது கை மரத்துப்போகிறது என்கிறான். சின்ன வயதில் வீசிங் இருந்தது. போகப்போகப் பழகிவிடுமா, வேலையை விடச் சொல்லலாமா?

பதில்: விடுவதா வேண்டாமா என்பதைத் தம்பியின் உடம்பு மட்டும் முடிவு செய்யாது. ஒரு தடவை பொம்மைத் தலையை மாட்டினால் எத்தனை நிமிடம் கழித்துக் கழற்றவிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், என் பதில் முழுவதும் அந்த எண்ணைப் பொறுத்ததுதான். தலைவலி, நீர்க்கடுப்பு, பசியின்மை மூன்றும் உடம்பில் சூடு ஏறி நீர் வற்றியதற்கான அடையாளங்கள். கை மரத்துப்போவது தனி விஷயம், அப்புறம் சொல்கிறேன்.

ஆடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெறும் சூடாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் பெரிய வழி வியர்வை. ஆனால் வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும்; ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு போகும், வழிந்து சாக்ஸில் இறங்கினால் ஒன்றும் போகாது. பொம்மை உடை என்பது உள்ளே ஸ்பாஞ்ச், மேலே ரோமத் துணி, தலைக்கு மூடிய கூடு. கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருக்கும் காற்று முழுக்க ஈரமாகிவிடும், அதற்கு மேல் வியர்வை காய வழியே கிடையாது. நம்மூர் பொய்க்கால் குதிரைக் கலைஞர்களும் கனமான கூட்டைச் சுமந்துதான் ஆடுகிறார்கள், ஆனால் அவர்களுக்கு முகமும் கையும் காற்றில் இருக்கின்றன, அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது இந்த உடையைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் "வெயில் இறங்கிடுச்சு, இனிமே பயமில்லை" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 2019 ஜூலையில் ஜப்பானின் ஒசாகா பகுதியில் உள்ள ஹிராகாட்டா பார்க்கில், 28 வயதுப் பகுதிநேர ஊழியர் ஒருவர் சுமார் 16 கிலோ எடையுள்ள உடையில் நடன ஒத்திகை பார்த்துவிட்டு மயங்கி விழுந்து, வெப்ப வாதத்தால் (ஹீட் ஸ்ட்ரோக்) இறந்துபோனார். அது நடந்தது இரவில், பூங்கா மூடிய பிறகு. ஒத்திகை சுமார் 20 நிமிடம்தான். தலைக்குள் வைக்கும் குட்டி ஃபேன் மூச்சுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதே ஈரக் காற்றைத்தான் சுற்றவிடும், அதை நம்பி நேரத்தைக் கூட்டக் கூடாது. ஐஸ் பேக் வைத்த உள்சட்டை கொடுத்தால் நல்லது.

பழகுமா என்றால், பாதிதான். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு தினமும் இன்னொரு 20 சதவீதம் என்று கூட்டுவதுதான் தொழில் மருத்துவத்தில் சொல்லும் முறை. முதல் நாளே முழு ஷிஃப்ட் போட்டிருந்தால் அது பார்க் செய்த தவறு. பழக்கம் என்பது சீக்கிரம், நிறைய வியர்ப்பது. வியர்வையே காயாத உடைக்குள் அதனால் கிடைக்கும் லாபம் குறைவு. ஒன்றிரண்டு வாரம் லீவில் இருந்து திரும்பினால் அதுவும் கரைந்துவிடும். எனவே நம் ஊர் கோடையில், புழுக்கமான நாளில், அதிகபட்சம் 20 நிமிடம்தான் உள்ளே, குறைந்தது அதே அளவு நேரம் தலையும் மேலுடையும் கழற்றி ஃபேன் அல்லது ஏசியில் வெளியே. இதைத் தர மாட்டோம் என்றால் வேலையை விடச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம்.

நீர்க்கடுப்புக்கு ஒரு காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஜிப், தோள்பட்டி, கையுறை, பெரிய ஷூ எல்லாவற்றையும் ஒருவர் கழற்றிவிட வேண்டும், அதற்குச் சங்கடப்பட்டு இந்த வேலையில் இருப்பவர்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, காய்ந்த ஷார்ட்ஸோடு எடை பார்க்கட்டும். 60 கிலோ உள்ளவர் 1.2 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் குடித்தது போதவில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு பெரிய டம்ளர், நடுவில் ஓஆர்எஸ். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானம் வேண்டாம், டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா என்று அச்சிட்ட பாக்கெட்டை மருந்துக் கடையில் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும். கடுப்போடு காய்ச்சலும் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். காய்ச்சல், பேதி, முந்தின இரவு தூங்காதது, குடித்தது, இதில் எது இருந்தாலும் அன்று உடை மாட்டக் கூடாது.

இன்னொன்று, உடன் ஒரு ஆள் கட்டாயம். பொம்மையின் வாயில் இருக்கும் வலை வழியாகப் பார்ப்பவருக்கு முழங்கால் உயரக் குழந்தையும் படிக்கட்டும் தெரியாது. 2004-ல் ஓர்லாண்டோ டிஸ்னி பூங்காவில் புளூட்டோ வேஷத்தில் இருந்தவர் ஊர்வல வண்டியில் சிக்கி இறந்தார். உள்ளே இருப்பவர் பேசக் கூடாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விதி, அதனால் 'உடனே கழற்று' என்பதற்கு ஒரு கைச்சைகையை இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். தள்ளாட்டம், சம்பந்தமில்லாத நடை, கேட்டதற்குத் தலையாட்டாமல் நிற்பது தெரிந்தால் குழந்தைகள் பார்க்கிறார்களே என்று யோசிக்காமல் அங்கேயே தலையைக் கழற்ற வேண்டும். உளறினாலோ மயங்கினாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடையைக் களைந்து உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி அந்தக் கை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் காறை எலும்புக்கு அடியில் ஒரு குறுகிய இடத்தில் நுழைகின்றன. தோளில் பாரம் அழுத்த, கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தால் அவை நெருக்கப்படும். டோக்கியோ டிஸ்னிலேண்டில் வேஷமிட்ட ஒரு பெண்ணுக்கு இதே பாதிப்பு வந்து, 2017-ல் அரசே அதைத் தொழிலால் வந்த நோய் என்று ஏற்றது. தம்பியின் உடையில் பாரம் தோளில் மட்டும் தொங்குகிறதா, இடுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்புக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். தலை ஆடாமல் நிற்க ஹெல்மெட் போல உள்பட்டி வேண்டும், டாட்டா காட்டுவதை இரு கைக்கும் மாற்றி மாற்றிச் செய்யட்டும். லீவு நாளிலும் மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து டம்ளர் நழுவினாலோ, எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும், எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கக் கூடாது.

உள்ளாடை, சாக்ஸ், தலைத் துணி மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். பொது உடையில் படர்தாமரை சுலபமாக ஒட்டும், அதற்குக் கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் பூசினால் இன்னும் பரவும்.

வீசிங் பற்றி: நனைந்தே மூட்டை கட்டி வைத்த உடையில் பூஞ்சை வரும், நாற்றத்துக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் மூச்சைப் பிடிக்கும். கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது மூச்சிரைப்பு வந்திருந்தால், நுரையீரல் பரிசோதனை முடியும்வரை உடைக்குள் போக வேண்டாம். இன்ஹேலர் வைத்திருந்தால் அது உடைக்குள் அல்ல, கூட நிற்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.