உங்க குடும்பத்துல யாருக்காவது வீட்டுலயே பிரசவம் ஆயிருக்கா? அந்த அனுபவத்த சொல்ல முடியுமா?

ஆயிருக்கு, நானே வீட்டுல பொறந்தவதான். 1981, அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊரு, எங்க அம்மாச்சி வீட்டுல பருத்தி அடைச்சு வெச்சிருந்த உள்ரூம்ல. அண்ணனும் அங்கதான் பொறந்தான், தம்பி மட்டும் ஆஸ்பத்திரி. அம்மாச்சியும் அம்மாவும் திரும்பத் திரும்ப சொல்லிக் கேட்டதத்தான் இங்க எழுதுறேன்.

வலி எடுத்ததும் மொதல்ல சீரகத்த கொதிக்க வெச்சு கருப்பட்டி போட்டு குடிக்கக் குடுப்பாங்களாம், பொய் வலின்னா அதுலயே அடங்கிடும், நெஜ வலின்னா இன்னும் கூடும், கூடுச்சுன்னாதான் மருத்துவச்சிக்கு ஆள் போகும். அவங்க வந்து விளக்கெண்ணெய தொட்டு வயித்த தடவிப் பாத்தே தல எந்தப் பக்கம் இருக்கு, இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்னு சொல்லிடுவாங்களாம். படுக்க விடுறதில்ல, ரூமுக்குள்ளயே நடன்னு சொல்லுவாங்க, கடைசி நேரத்துல விட்டத்துல கயிறு கட்டி அதப் புடிச்சுட்டு குத்த வெச்சு உக்காரணும், பின்னாடி ஒருத்தங்க தாங்கிக்கணும். எங்க அம்மாவ தாங்குனது பெரியம்மா. "முக்கு தாயி, இந்தா தல தெரியுது, இன்னும் ஒரே முக்கு"ன்னு மருத்துவச்சி கடைசி வரைக்கும் காதுகிட்டயே பேசிட்டு இருந்தாங்கன்னு அம்மா இப்ப சொன்னாலும் கண்ணு கலங்கிடும். பிரசவ வலில நடக்க விடணும், எப்படி உக்காந்து பெத்துக்க வசதியோ அப்படி விடணும்னு உலக சுகாதார நிறுவனமும் 2018ல சொல்லிருக்கு, எங்க ஊர்ல அது எப்பவோ நடந்துட்டு இருந்துச்சு.

ஆனா அந்த மருத்துவச்சியப் பத்தி சொல்லியே ஆகணும். நாவிதர் சமூகத்துப் பொம்பள. ஊர்ல ஒரு தலைமுறையே அவங்க கையிலதான் வந்து விழுந்துச்சு, ஆனா அவங்க வீட்டுக்குள்ள வர்றது கொல்லப்பக்க வாசல் வழியாத்தான், காப்பி தனி டம்ளர்லதான், ரத்தத்த தொடச்சு இளங்கொடிய, அதான் நஞ்சுக்கொடிய, பொதைக்கிறதும் அவங்க வேலதான், கூலி ரெண்டு படி கம்பும் ஒரு பழைய சேலையும். ஆம்பளப் புள்ளன்னா கூட கொஞ்சம் கெடைக்கும், நான் பொண்ணுங்கிறதால கொறச்சு குடுத்தாங்களாம். எனக்கு இத கேக்கும்போதெல்லாம் வயிறு எரியும். அந்தக் காலத்துல எவ்ளோ அழகா வீட்டுலயே பெத்தாங்கன்னு பேசுறவங்க யாரும் இந்தம்மாவ பத்தி ஒரு வார்த்த சொல்றதில்ல.

இன்னொன்னும் சொல்றதில்ல. எங்க அம்மாச்சி பெத்தது ஒம்பது, தங்குனது அஞ்சு. அதுல ரெண்டு புள்ளைங்க நல்லா அழுது, பால் குடிச்சு, ஒரு வாரத்துக்குள்ள தாடை இறுகி வாயத் தொறக்க முடியாம வெட்டு வெட்டா வந்து போயிருச்சு. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு ஊரே சொல்லிருக்கு. அது ரணஜன்னி, டெட்டனஸ், தொப்புள்கொடிய அறுத்த அரிவாள் வழியா வந்தது. மாசமா இருக்கும்போது தடுப்பூசியும், கொடி அறுக்க ஒரு புது பிளேடும் இருந்திருந்தா ரெண்டு பேரும் இன்னிக்கு எனக்கு மாமாவா இருந்திருப்பாங்க. பச்சப் புள்ளைங்களுக்கு வர்ற இந்த நோய் இந்தியாவுல ஒழிஞ்சுதுன்னு அறிவிச்சதே 2015லதான்.

இப்ப என் கதைக்கு வரேன். நான் வெளிய வந்துட்டேன், இளங்கொடி விழல. அம்மாவோட ஜடையவே வாயில திணிச்சு ஓங்கரிக்க வெச்சிருக்காங்க, அந்த முக்கல்ல விழுந்துரும்னு. விழுந்துச்சு, ஆனா ரத்தம் நிக்கல. "இது என் கையில இல்ல, வண்டியக் கட்டுங்க"ன்னு மொதல்ல சத்தம் போட்டது அந்த மருத்துவச்சிதான், விடியட்டும்னு சொன்ன ஆம்பளைங்கள திட்டி மாட்டு வண்டியில அம்மாவ ஏத்துனதும் அவங்கதான். அம்மா பொழச்சுது. அடுத்தது வீட்டுல வேணாம் தாயின்னு சொல்லிட்டாங்க, தம்பி ஆஸ்பத்திரில பொறந்தது அதனாலதான்.

கொழந்த வந்தப்புறம் கர்ப்பப்பை இறுகணும், இறுகுனாதான் ரத்தக்குழாய்ங்க மூடும், இறுகலன்னா நல்லா பேசிட்டு இருக்க பொண்ணு ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல போயிடும். ஆஸ்பத்திரில கொழந்த வந்த ஒடனே தொடையில 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுறது இதுக்குத்தான். 2018 ஜூலைல திருப்பூர்ல வீடியோ பாத்து வீட்டுலயே பிரசவம் பாத்தப்போ ஒரு தாய் இறந்ததும் ரத்தப்போக்குலதான். எங்க மருத்துவச்சிக்கு படிப்பு இல்ல, ஆனா எந்த இடத்துல கைய எடுக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு, அந்த திருப்பூர் வீட்டுல அப்படி ஒருத்தர் கூட இல்ல.

இருந்தாலும் வீட்டுப் பிரசவத்த தேடிப் போற பொண்ணுங்கள என்னால திட்ட முடியாது. 2019-21 குடும்ப நல கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 100க்கு 99 பிரசவத்துக்கு மேல ஆஸ்பத்திரிலதான், அதே கணக்குல கிட்டத்தட்ட 45 பேருக்கு சிசேரியன், பயம் வரத்தான் செய்யும். என் மொத பிரசவத்துல வலில கத்துனதுக்கு ஒரு நர்ஸம்மா கேட்ட கேள்விய இங்க எழுதக்கூட முடியாது, பெத்த பாதி பேருக்கு அது என்ன கேள்வின்னு தெரிஞ்சிருக்கும். கைய புடிச்சுக்க ஒரு ஆள் இல்லாம அந்த கட்டில்ல கெடந்தது பிரசவ வலிய விட பெரிய வலி.

ஆனா அதுக்கு வழி வீடு இல்லங்க. அரசு ஆஸ்பத்திரிகள்ல பிரசவ அறைக்குள்ள ஒரு பொம்பளத் துணைய கூட வெச்சுக்க அனுமதி இருக்கு, நெறைய பேருக்கு தெரியல, சில எடத்துல கேட்டாத்தான் விடுறாங்க. என் சித்தி பொண்ணு பிரசவத்துக்கு நான் அப்படித்தான் உள்ள போனேன், இடுப்ப தடவி விட்டு, வராண்டாவுல நடக்க வெச்சு, கடைசி வரைக்கும் கூடவே நின்னேன், டாக்டரும் அந்த ஊசியும் நாலடி தள்ளி இருந்துச்சு. யாராவது மாசமா இருந்தா செக்கப்புக்கு போகும்போதே கேட்டுடுங்க, துணைக்கு யாரு வரப்போறாங்கன்னு அப்பவே பேரையும் சொல்லி வெச்சிருங்க.