போட்டியில் ரிபன் கொடுப்பது எதற்கு? நிறத்துக்கு என்ன பொருள்?

ரிபன் என்பது நிறத்தாலேயே இடத்தைச் சொல்லும் பரிசு. அமெரிக்காவில் நீலம் முதலிடம், சிவப்பு இரண்டு, வெள்ளை மூன்று. அங்கே விவசாயக் கண்காட்சிகளில் மாட்டுக்கும் பூசணிக்காய்க்கும்கூடப் பரிசு உண்டு. பூசணிக்காயின் கழுத்தில் பதக்கம் மாட்ட முடியுமா? ரிபனைப் பக்கத்தில் குத்திவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும், செலவும் குறைவு.

வன்னியில் கோயிலில் மரியாதையாகக் கொடுக்கும் வெற்றிலை பாக்கை, காளாஞ்சியை, நினைத்துப் பாருங்கள். வெற்றிலை பாக்கின் விலையை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? சபையில் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் பேச்சு. ரிபனும் அப்படித்தான். (பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியின் நிறம் வேறு, அது இல்லத்தின் அடையாளம், இடத்தைச் சொல்லாது.)

அப்புறம், நீலம்தான் எங்கும் முதலிடம் என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவில் பொதுவாகச் சிவப்புதான் முதலிடம். ரொறன்ரோவிலிருந்து மருமகள் சிவப்பு ரிபனோடு படம் அனுப்பினால், “இரண்டாமிடமா பிள்ளை?” என்று கேட்டுவிடாதீர்கள்.